முதல் வாய் ஊர்க்காரருக்கு

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மேடைக்கு ஒரு பெயர், டிவிக்கு ஒரு பெயர், தண்டலத்தில் அவர் வீட்டார் கூப்பிட ஒரு பெயர் என்று மூன்று இருந்தன. எதைச் சொன்னாலும் உங்களில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். ஊர் ஊராகப் போய், மெஸ் மெஸ்ஸாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டிய அந்த மல்யுத்தக்காரர்தான். சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாசல்வரை வருவாரே, அவர். நிகழ்ச்சி நின்று ஒரு வருடம் ஆகிறது. துண்டு துண்டாக வெட்டிய காட்சிகள் இன்னும் போனில் வந்துகொண்டேயிருக்கின்றன. என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, அவர் சாப்பிடுவதைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது அவர் வாயை. நான் அவர் கண்ணைப் பார்ப்பேன். அந்தக் கண் இலையில் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் முகத்தில் இருக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது அந்தப் பெருமை இல்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நடந்தது விளங்காது. ஒரகடத்தில் காருக்குக் கதவுக் கைப்பிடி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வெள்ளை வெளிச்சத்துக்கு அடியில் ஒவ்வொரு கைப்பிடியையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், புள்ளி, நிறமாற்றம், ஓரத்தில் பிசிறு. நல்லதென்றால் நீலத் தட்டு, குறையென்றால் சிவப்புத் தட்டு. லைன் பையன்கள் எதிரில் நின்று என் முகத்தையே பார்ப்பார்கள். முகம் கொஞ்சம் இளகினால் போதும், "அண்ணே, இது சின்னப் புள்ளிதானே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வருடக்கணக்கில் இதையே செய்கிறவனுக்குக் கண்ணும் முகமும் வீட்டுக்கு வந்தாலும் மாறாது. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டில் நூல் தொங்குவது எனக்கு மட்டும் தெரியும். "ஒங்களுக்குக் கோயில்ல அப்பம் குடுத்தாக்கூட திருப்பிப் பாத்துட்டுத்தான் வாயில போடுவீய" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. நாங்கள் இருவரும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள், மாதா கோயில்காரர்கள்.

கல்யாணத்துக்கு முன்பு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் தங்கியிருந்தேன். வரிசையாக ஆறு அறைகள், கோடியில் ஒரு குழாய். அடுத்த அறையில் அவர் இருந்தார். எங்கள் கம்பெனியிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன வண்டியில் அவர் ஏறி உட்காரும்போது வண்டிதான் பாவமாக இருக்கும். இரண்டு காதும் கசங்கி மடங்கிப்போயிருந்தன. தண்டலத்தில் சொந்த வீடு இருக்கிறவருக்கு இங்கே எதற்கு வாடகை அறை? அவர்மேல் எனக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வூட்ல மாடி இல்ல தம்பி. மாடி இருந்தாலும் எங்கம்மா பாத்தா அழுவுது" என்றார்.

எதைப் பார்த்து அழுகிறார்கள் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. மொட்டைமாடியில் பழைய மெத்தை ஒன்றைப் போட்டு, அதில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார். மல்லாக்க, பக்கவாட்டில், குட்டிக்கரணம் போட்டு. ஒவ்வொரு முறையும் தாடை நெஞ்சில் ஒட்டியிருக்கும். இடது கை நீண்டு தரையில் 'பட்' என்று அறையும்.

"தூக்கறவன் எவன் வேணா தூக்கிடலாம். வுழறதுதான் தொழிலு" என்றார். "தாட மட்டும் நெஞ்ச வுட்டு வரக்கூடாது. வந்தா மண்ட காலி. கை தரைய அடிச்சா வலி பிரிஞ்சி பூடும்."

அவர் செய்தது மண்ணில் புரளும் மல்யுத்தம் அல்ல. கயிறு கட்டிய மேடை, பாட்டு, புகை, மினுமினுக்கும் அங்கி எல்லாம் உள்ள ஆட்டம். லீவு நாட்களில் பெங்களூரு, ஹைதராபாத் என்று போய் ஆடிவிட்டு வருவார். ஒரகடம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தபோது நானும் போயிருந்தேன். முகமூடி போட்ட ஒருவன் அவரை அறைந்த அறை கடைசி வரிசைவரை கேட்டது. அவர் தள்ளாடினார், கெஞ்சினார், கடைசியில் தூக்கி எறியப்பட்டுத் தோற்றார். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் அழுதேவிட்டாள். மறுநாள் காலையில் டீக்கடையில் அவரும் இன்னொருவரும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த இன்னொருவர்தான் முகமூடி என்று அவரே அறிமுகம் செய்துவைத்தார்.

"அப்ப எல்லாம் ஏமாத்து வேலதானா அண்ணாச்சி?"

"இன்னா தம்பி, மளிகக் கடக்காரரக் கூப்டற மாதிரி கூப்டறே" என்று சிரித்துவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சில் ஐந்து விரலும் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன. "இது பொய்யா? அடி நெசம். யாரு ஜெயிக்கிறதுன்றது மட்டும்தான் பேசி வெச்சது."

"பேசி வெச்சிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"இன்னிக்கு இத்தினி பீஸ் ஓடணும்னு ஒங்க லைன்ல காலைலயே போர்டுல எழுதிடறான். அதுக்காவ நீ வேலயே செய்லன்னு ஆயிடுமா?"

அப்போதுதான் அந்தத் தொழிலின் ரகசியம் ஒன்றைச் சொன்னார். எதிராளியைத் தூக்குவதற்கு முன்னால் அவன் கையை இரண்டு முறை அமுக்குவார்களாம். ரெடியா என்று கேட்பது. அவன் திருப்பி ஒரு முறை அமுக்கினால்தான் தூக்க வேண்டும்.

"அமுக்கலன்னா?"

"கூட்டம் எவ்ளோ கத்தினாலும் தூக்க மாட்டேன். வேற எதனா பண்ணி சமாளிச்சிடுவேன். அவன் பொண்டாட்டி புள்ளைக்காரன் தம்பி. கயுத்து எலும்பு என் கைல கீது."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டதும் அவரை நம்பியிருப்பார்கள். எனக்கோ, இவ்வளவு சுலபமாக ஒரு ரகசியத்தைச் சொல்கிறவர் வேறு எதையோ பெரிதாக மறைக்கிறார் என்றுதான் பட்டது.

எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவனுக்கு எங்கே வலிக்கிறது, எதை நடிக்கிறான் என்று சொல்லிவிடுவேன் என்பார். "ஒன் மூஞ்சிதான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது. செவுரு." அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சமைப்போம். முதல் வருடம் நான் ஒரு கவளம் எடுப்பதற்குள் அவர் பாதித் தட்டைக் காலி செய்துவிடுவார். ஊரிலிருந்து வரும் கருவாட்டுப் பொட்டலத்தை நான் பிரித்தால் மட்டும், வராந்தாவின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டு திட்டுவார். அப்புறம் ஒரு முறை ஹைதராபாத்துக்குப் போய்விட்டுப் பின்னந்தலையில் பிளாஸ்திரியோடு வந்தார். ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "முட்டி பூட்ச்சி தம்பி, இனிமே ஆட்டம் வேணாம்" என்றார். பிளாஸ்திரி தலையில், நோவு முட்டியில். அந்த முட்டியோடு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. தட்டு முன்னால் இருக்கும், கையை வைக்கமாட்டார்.

"நீ மொதல்ல வை தம்பி."

நான் சாப்பிடுவேன். என் முகத்தையே பார்ப்பார்.

"எப்டி கீது?"

"நல்லாயிருக்கு."

"அய்யே, அத்த யாரு கேட்டா? எப்டி கீதுன்னு சொல்லு."

விட மாட்டார். கருவாட்டுக் குழம்பு வைத்த ஒரு நாள், அவர் தொல்லை தாங்காமல், "கடலுக்குப் போயிட்டு வந்த வலையை வெயில்ல காயப்போட்டா ஒரு வாசம் வரும். அதுல கத்தரிக்கா வெந்த மாதிரி இருக்கு" என்றேன். அதை உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பொட்டலத்தைக் கண்டாலே ஓடியவர், அன்று அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என் சாப்பாட்டில் எதையாவது கலந்துவிட்டு, எனக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

இன்னொரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வருகிறேன், தெருவிலேயே தீய்ந்த வாடை. மேலே ஓடினால், அவர் அறையில் அடுப்பில் சோறு கரியாகிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியதும் பதறி எழுந்து அடுப்பை அணைத்தார். "எதோ யோசனைல இருந்துட்டேன்" என்றார். மாத்திரை ஏதாவது போடுகிறாரோ என்று, அவர் குளிக்கப் போன நேரத்தில் அறைக்குள் நுழைந்து பார்த்தேன். ஜன்னல் மேடையில் நான்கு சின்ன பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் ரோஜா இதழ், ஒன்றில் தைலம். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடிப்பதைக் கதவிடுக்கு வழியாகவும் பார்த்தேன். மந்திரம் மாயம் என்று முடிவு செய்து, ஊர்ப் பாதிரியாருக்குப் போன் போட்டு எனக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி மண்ணூருக்குக் குடிபோனேன். கம்பெனிப் பையன்களுக்கு மதியச் சாப்பாடு போட ஸ்டெல்லா ஒரு மெஸ் ஆரம்பித்தாள். அவர் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நெடுஞ்சாலையோரப் பரோட்டாக் கடையில் அவர் சாப்பிடுவதை யாரோ வீடியோ எடுத்துப் போட, பார்த்த ஒரு சேனல்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்களாம். அவ்வளவு பெரிய உடம்பு சாப்பிடுவதைப் பார்க்க ஜனங்களுக்கு ஆசை இருக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கு தப்பவில்லை.

நிகழ்ச்சியிலும் அதே பழக்கம்தான். அந்தந்த ஊர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மொத வாய் ஊர்க்காரருக்கு" என்று ஊட்டிவிடுவார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். எவ்வளவு பணிவு, எவ்வளவு பண்பு என்று ஊரே உருகியது. எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்கு நடுவே பாதிரியாரே அவரை உதாரணம் காட்டிப் பிரசங்கம் செய்தார். நான் பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைவிட எரிச்சல், அவர் எனக்குப் போடும் போன்கள்.

"தம்பி, ஒரு டவுட்டு. ஆட்டுக்கால் பாயால மொதல்ல இன்னா வாசன தூக்கும்?"

"நீங்கதான அண்ணாச்சி அங்க சாப்பிடப் போறிய?"

"நீ சொல்லேன்."

சொல்வேன். அடுத்த வாரம் அது அவர் வாயில் வரும். ஆள் எந்தக் கடையிலும் சாப்பிடுவதே இல்லை, வாயில் போட்டு எடுத்துவிட்டு, கேட்டு வைத்ததை ஒப்பிக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரத்தில் உட்கார்ந்துகொண்டு, "கடலுக்குப் பூட்டு வந்த வலைய வெயில்ல காய வெச்சா ஒரு வாசன வரும்" என்று ஆரம்பித்தார். நான் டிவியை அணைத்தேன்.

"நல்லாத்தான பேசுதாவ, எதுக்கு அமத்துதீய?" என்றாள் ஸ்டெல்லா.

"அது நான் சொன்னது."

"ஒங்களுக்குப் பொறாம."

இருக்கலாம். இந்த நிலையில்தான் அவர் ஒரு நாள், "ஒன் வூட்டுக்காரி கடைக்கு வரட்டா தம்பி? கருவாட்டுக் கொயம்பு" என்று போனில் கேட்டார். ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், பெஞ்சுகளைச் சோடா போட்டுத் தேய்த்தாள், ஜெபமாலை மாட்டியிருந்த ஆணிக்குக்கூடப் புதுசாகப் பெயின்ட் அடித்தாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன்காரன் ஒழுங்காகப் பார்க்கிறானா என்று சோதிக்க, குறை உள்ள ஒரு கைப்பிடியைச் சூப்பர்வைசர் தெரிந்தே நல்லவற்றுக்கு நடுவில் கலந்துவிடுவார். அதைப் பிடித்தால் நீ பார்க்கிறாய். விட்டுவிட்டால், நீ பார்ப்பது போல் நடிக்கிறாய். நான் ஒரு முறை விட்டுவிட்டு ஒரு மாதம் தலைகுனிந்து நடந்திருக்கிறேன். படப்பிடிப்பு நாள் காலையில், வாசலில் கோலம் போடப் போன ஸ்டெல்லா குழம்பை மறந்துவிட்டாள். அடிப்பிடித்துவிட்டது. கண் கலங்கியபடி அந்தப் பானையைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு, வேறு பானையில் புதிதாக வைத்தாள். மேலாகப் பார்த்தால் இரண்டு குழம்பும் ஒன்றுதான். மூக்குள்ள எவனுக்கும் வித்தியாசம் தெரியும். எனக்கு அந்தக் கைப்பிடி ஞாபகம் வந்தது.

டிவிக்காரர்கள் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது, தீய்ந்த பானையிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு அவர் இலையின் ஓரத்தில் வைத்தேன். வாயில் வைத்ததும் துப்பினால் அவர் நிஜம். பாராட்டினால் ஊரே பார்க்க மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான் யோசித்தேன். மாட்டப்போவது யார் என்று சரியாக யோசிக்கவில்லை.

"ஊர்க்காரரா தம்பி ஒக்காரட்டும்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கேமரா ஓட ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்து முதல் வாயை எனக்கு ஊட்டினார். தீய்ந்த வாடை தொண்டைவரை போனது. நான் வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே நிற்கிற முகத்தை வைத்துக்கொண்டு மென்று விழுங்கினேன்.

அவர் பார்த்தார். இன்னும் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கையில் அடுத்த கவளம் உருண்டையாக இருந்தது. அப்போது மேசைக்கு அடியில் அவருடைய இடது கை வந்து என் கையைப் பிடித்தது. இரண்டு முறை அமுக்கியது.

என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அமுக்கவில்லை.

கவளம் வாய்வரை போய் நின்றது. தாடிவைத்த டைரக்டர், "சார், சாப்பிடுங்க, ரோலிங்" என்றான். அவர் அசையவில்லை. அந்த நேரத்தில் அப்பளத் தட்டோடு ஸ்டெல்லா வந்தாள். மேசையருகே வந்ததும் அவள் மூக்கு சுளித்தது. கிண்ணத்தைப் பார்த்தாள், கொல்லைப்பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த முகத்தை அவர் ஒரு நொடி பார்த்தார்.

"அய்யோ, தங்கச்சி, வாம்மா" என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் தொடை இடித்து மேசை கவிழ்ந்தது. இலை, சோறு, கிண்ணம், குழம்பு எல்லாம் தரையில். கால் பெஞ்சில் தடுக்கி, அந்த மொத்த உடம்பும் பின்பக்கமாகச் சாய்ந்து, கட்டடம் அதிர விழுந்தது. டிவிக்காரர்கள் ஓடிவந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். டைரக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல், "சார், இதை அப்படியே வெச்சிக்கலாம்" என்றான். ஸ்டெல்லா பினாயிலை ஊற்றித் தரையைக் கழுவிவிட்டாள். தீய்ந்த குழம்பு இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

எல்லோரும் விழுந்ததைப் பார்த்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். விழும்போது அவர் தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தது. இடது கை தரையை 'பட்' என்று அறைந்தது.

மறுபடியும் இலை போட்டு, நல்ல பானைக் குழம்பு வந்தது. மறுபடியும் மேசைக்கு அடியில் அந்தக் கை வந்து இரண்டு முறை அமுக்கியது. இந்த முறை நான் திருப்பி அமுக்கினேன். அவர் சாப்பிட்டார். கேமராவைப் பார்த்து வலையைப் பற்றிச் சொன்னார். கடற்கரையை விட்டு வந்த நாளிலிருந்து ஊரைப் பற்றிப் பேச்சே எடுக்காத ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் அவளைத் தூக்க முடியாதென்று மாவாட்டும் கிரைண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார்.

ஸ்டெல்லாவிடம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வந்து, கை கழுவும் குழாயடியில் என்னைப் பிடித்தார்.

"எதுக்கு தம்பி?"

"சோதிச்சுப் பாத்தேன்."

"பாஸா, ஃபெயிலா?"

நான் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

"நான் சாப்ட்டு, சூப்பரா கீதுன்னு சொல்லியிருந்தா நான் காலி. துப்பியிருந்தா தங்கச்சி காலி. டிவில மண்ணூர் மெஸ்ல தீஞ்ச கொயம்புன்னு ஓடும். நாளைக்கு எவன் வருவான் இங்க? அத்த நீ பாக்கல." குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு வாசன பூடுச்சி தம்பி. ஐதராபாத்ல ஒரு புதுப் பையன். நான் கைய அமுக்கறதுக்கு முன்னாடியே தூக்கி அட்ச்சிட்டான். பின்மண்டைல அடி பட்டா மூக்கு நரம்பு அறுந்துடுமாம், டாக்டர் சொன்னாரு. உப்பு தெரியும், காரம் தெரியும், புளிப்பு தெரியும். மத்தபடி கருவாடும் ஒண்ணுதான், ரோசாவும் ஒண்ணுதான். பாட்டில் வெச்சி மோந்து பழகு, வந்தாலும் வரும்னாரு. வர்ல."

"சேனலுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான். மூக்கில்லாதவனுக்கு எவன் சாப்பாட்டு புரோகிராம் குடுப்பான்? அதான் ஊர்க்காரன் மூஞ்சிய பாத்து சொல்றேன். பொய் சொல்லல தம்பி. அவனுக்கு எப்டி இருந்துச்சோ அத்தத்தான் சொல்றேன். நீ யார்ட்டனா சொல்றதுன்னா சொல்லு. ஒன் இஷ்டம்."

அன்று ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வெட்கத்தில் தலைநிமிர முடியாமல் கிடந்திருக்க வேண்டியவன் நான். கிடந்தேன்தான், ஒரு வாரம். அப்புறம் பழைய புத்தி எட்டிப்பார்த்தது. விழுவதை அவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறவர், இந்த மூக்குக் கதையையும் ஏன் செய்திருக்கக்கூடாது? கையும் களவுமாகப் பிடிபட்டதும் என் வாயை அடைக்கக் கட்டிய கதையாக இருந்தால்? ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அந்த மனுசன் ஒங்களுக்காவ விழுந்தாவ. ஒங்களுக்கு அதுலயும் கீறல் தேடணும்" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. அவர் போன் செய்தபோதெல்லாம் ஒவ்வொரு சமையலின் வாசனையையும் சொல்லிக்கொடுத்தேன், சந்தேகத்தோடேயே.

பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது. சேனல்காரர்களுக்கு வேறு யாரோ கிடைத்துவிட, நிகழ்ச்சி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, மெஸ் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட வந்த அவர் மனைவி உள்ளே ஸ்டெல்லாவிடம் போய்விட்டாள். அவர் மூன்று மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு, அன்று தடுக்கி விழுந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தார். எதற்கு வந்திருக்கிறார்? ஏதாவது கேட்கவா? எங்காவது எவனாவது ஒளிந்திருந்து படம் எடுக்கிறானா? நான் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"தம்பி, ஒரு வேல" என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"கொயந்த தலைல ஒரு வாசன வருமாமே. எங்கம்மா சொல்லுது, எம் பொண்டாட்டி சொல்லுது. அதுங்களுக்கு சொல்லத் தெரில. நீ மோந்து பாரு. எப்டி கீதுன்னு சொல்லு."

நான் குனிந்தேன். பால், தேங்காயெண்ணெய், வெயிலில் காய்ந்த துணி. இந்த மூன்றும் டிவிக்குத் தாராளமாகப் போதும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதற்கு எந்த ஊர் வலையையும் உவமை சொல்ல முடியாது. சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு முறை முகர்ந்தேன்.

நிமிர்ந்தேன். எப்போதும் போல அவர் கண் என் முகத்தில்தான் இருந்தது. கேமரா இல்லை, கூட்டம் இல்லை, ஏமாற்றுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பழக்கத்தில் முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இறுக்கவில்லை. அதில் என்ன இருந்ததோ, அதை அப்படியே அவர் பார்க்க விட்டேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"போதும் தம்பி" என்றார். "தெரிஞ்சிகினேன்."